தனியாக அரைத்த மிளகாய்

நன்னிலம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகன் ஜெக்கரியாவுக்கு அம்மா சொல்லும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் சரியில்லை. துபாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க துஆச் செய்கிறேன். ரூம் பிள்ளைகள் சேர்ந்து கரி அடுப்பில் இறைச்சி சுடுகிறோம், அதில் தடவ நம் வீட்டு மசாலா வேண்டும், இங்கே கிடைக்கும் பொடி மண் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, பக்கத்துத் தெரு பக்கீர் முகம்மது அடுத்த வாரம் கப்பலேறுகிறார், அவரிடம் கொடுத்துவிடலாம் என்று ஆசையாக எல்லாவற்றையும் வறுத்து வைத்தேன். ஆனால் மசாலா வராது மகனே. மிளகாய்த்தூள் டப்பா போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. நம் வீட்டில் வேலை செய்யும் ராமாயியும் அங்கேதான் இருக்கிறாள்.

அறுவடைக் கூலித் தகராறு இந்த வருஷம் முற்றிவிட்டது. உள்ளூர் ஆட்கள் கூலி நெல் கூடுதலாகக் கேட்டு அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள், மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். நேற்றுக் காலை வயலில் அடிதடி. யாரோ பெண்கள் வந்தவர்கள் கண்ணில் மிளகாய்த்தூளைத் தூவிவிட்டார்களாம். அந்த நேரம் பார்த்தா நான் ராமாயியை மில்லுக்கு அனுப்ப வேண்டும்! நம் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போகிற வழக்கமில்லை, எப்போதும் அவள்தான் அரைத்து வருவாள். சேர்த்து அரைத்தால் சோம்பு வாசம் அடிபட்டுப் போகும் என்று மிளகாயை மட்டும் முதலில் தனியாகக் கொடுத்தேன். எல்லாம் கலந்து கொடுத்திருந்தால் அந்த வாசமாவது அவளுக்காகப் பேசியிருக்கும். கையில் மிளகாய்த்தூள், புருஷன் காத்தான் கூலி கேட்கும் சங்கத்து ஆள், போலீசுக்கு வேறென்ன வேண்டும்? வழியிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜன்னத்தம்மா வூட்டுத் தூளுங்க என்று அழுதிருக்கிறாள். விசாரிக்க ஒரு போலீஸ்காரர் நம் கடைக்கு வந்தார். மிராசுதாரின் கணக்கப்பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தார். உன்னைப் பெற்ற அத்தா, நமக்கு ஒண்ணும் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டார். கடைக் கட்டிடம் மிராசுதாருடையது, அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சாயங்காலம் காத்தான் கொல்லைப் பக்கம் வந்து, நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்ருவாங்கம்மா என்று கேட்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். பொம்பள ஸ்டேஷன் படி ஏறுறதா என்று உன் அத்தா சத்தம் போட்டார். அவளும் பொம்பளதானே என்றேன். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

மசாலாவை நீயே செய்துகொள், கஷ்டமில்லை. மிளகாய், மல்லி, மிளகு, சோம்பு, பட்டை ஒவ்வொன்றையும் வெறும் சட்டியில் தனித்தனியாக வறு, கருகினால் கசக்கும். சுக்குப்பொடியும் வறுத்த உப்பும் சேர்த்துப் பொடி செய். நாட்டுச் சர்க்கரை கொஞ்சமே கொஞ்சம் போடு, கூடினால் நெருப்பில் தீய்ந்துவிடும். இறைச்சியை ஈரமில்லாமல் துடைத்த பிறகுதான் தடவ வேண்டும், நீ அவசரக்காரன், அதற்காகச் சொல்கிறேன்.

இங்கே வறுத்து மீந்த மல்லி, சோம்பு, பட்டை எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் மோந்து பார்க்கட்டும், மகன் கறி சுடக் கேட்ட மசாலாவுக்குத்தான் அந்த மிளகாய் என்று நான் வாய் திறந்து சொல்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. கட்டிடம் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு எளிது, கடையில் உட்காருகிறவருக்கு எளிதில்லை, அவர் மேல் நீ கோபப்படாதே. அத்தாவுக்கு வருத்தமாக எதையும் எழுதிவிடாதே.

தொழுகையை விடாதே, ராமாயிக்காக துஆ கேள். அல்லாஹ் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைப்பான். வெளியே போகப் போர்த்தும் வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதி முடிக்கிறேன். கடை திறக்கிற நேரம் தாண்டிவிட்டது, உன் அத்தா இன்னும் போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தத் துணி முடிச்சைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். 

உன் அம்மா
ஜன்னத் பீவி