லண்டன் குடுவையும் உன் மண் பில்டரும்

இன்று மத்தியானம் கொழும்பில், காலி வீதிக் கடையொன்றில் ஒரு பெண் என் கையில் பிளாஸ்டிக் குடுவை ஒன்றைத் திணித்தாள். தண்ணீர் வடிக்கும் குடுவை. பெட்டியில் பச்சை இலை ஒன்று அச்சிட்டிருந்தது. "சூழலுக்கு நல்லது மிஸ், இப்ப எல்லாரும் இதைத்தான் வாங்கினம்" என்றாள். நான் வாங்கப் போனது உன் மண் பில்டருக்குள் வைக்கும் வெள்ளைக் கேண்டில், தண்ணீர் வடிக்கும் உருளை. ஆனாலும் அந்த இலையைக் கண்டதும் உன் கேள்வி என் வாயில் வந்து நின்றது. கேட்டேன்.

"உள்ளுக்கு இருக்கிறது முடிஞ்சால் அதை எங்க எறியிறது?"

அவள் குப்பைக்கூடையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கேண்டிலைக் கடதாசியில் சுற்றித் தந்து அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உன்னைப் பற்றி எவரும் எதுவும் எழுதவில்லை. இந்த நாட்களில் எழுதப்படுவதற்கு ஒரு தகுதி வேண்டும். அது உனக்கு இருக்கவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் அந்த மேல்மாடி. நீ வருவதற்கு முன்பு அங்கே நாங்கள் மூன்று பெண்கள் இருந்தோம். மூவரும் யாழ்ப்பாணம், மூவரும் விசாவுக்குக் காத்திருப்பவர்கள். கீழே வீட்டுக்கார அன்ரி. வந்த கிழமையே எங்கள் பெயர்களை விட்டுவிட்டு நாடுகளின் பெயரால் கூப்பிடத் தொடங்கினாய். கலியாணம் பேசி முடித்துக் காத்திருந்தவள் லண்டன். தமக்கை கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தவள் சுவிஸ். தமையனின் கடிதத்தை நம்பி இருந்த நான் கனடா. "ஏய் கனடா, அந்த லைட்ட அணை. சுவிஸ் தூங்கணுமாம்" என்பாய். லண்டனுக்குக் கோபம் வரும். உனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நாங்கள் எதையும் வாங்க மாட்டோம். பெட்டிக்குள் அடங்காத பொருள் எதுவும் அந்த வீட்டில் இருக்கவில்லை. யன்னலுக்குச் சீலை இல்லை. நல்ல சட்டி ஒன்று இல்லை. "இன்னும் ரெண்டு மாதம்தானே, ஏன் வீண் செலவு" என்பதே எங்கள் வேதம். சுவிஸ் அந்த இரண்டு மாதத்தில் வருடக்கணக்காக இருந்தாள். தண்ணீரும் அப்படித்தான். கூரைத் தண்ணீர்த் தாங்கியில் இருந்து வருவதைக் குடிக்கப் பயம், கொதிக்க வைக்கப் பஞ்சி, சோம்பல். கடையில் போத்தல் வாங்குவோம், குடிப்போம், வெற்றுப் போத்தலைப் பின்பக்கத்து மதிலடியில் எறிவோம். போகப்போகிறவர்களுக்குப் பின்வளவைப் பற்றி என்ன கவலை?

நீ மட்டும் எங்கும் போகப்போகிறவள் இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். அண்ணன் கலியாணம் செய்ததும் அந்த ஒற்றை அறை வீட்டில் உனக்கு இடமில்லாமல் போனது. வெள்ளவத்தையில் வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுத்துக் கொடுக்கும் கடையில் வேலை. "நாள் பூரா கண்ணாடிக் கூண்டுக்குள்ள நின்னு 'அடுத்த மாசம் வந்துருவேன்'னு கத்துறாங்க. யாருமே போன மாதிரி தெரியல" என்று சொல்லிச் சிரிப்பாய்.

நீ பையோடு வந்து நின்ற முதல் நாள் அன்ரி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"பிள்ளை எந்த ஊர்?"

"கொட்டாஞ்சேன, ஆன்ட்டி."

"அது சரி. சொந்த ஊர்?"

"கொட்டாஞ்சேனதான்."

"அப்பா அம்மாவின்ர ஊரைக் கேட்டனான்."

"அவங்களும் கொட்டாஞ்சேன. தாத்தா துறைமுகத்துல மூட்ட தூக்க வந்தவரு. அதுக்கு முந்தி எங்க இருந்தாருன்னு அவரே சொல்லல."

அன்ரி அதற்கு மேல் கேட்கவில்லை. நீ என்ன ஆட்கள், என்ன சாதி என்று கணக்குப் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே அன்ரியின் மேசையில் எங்களுக்குச் சாப்பாடு. மேசை நடுவில் அந்தக் குடுவை இருக்கும். மகன் லண்டனில் இருந்து கொண்டுவந்து கொடுத்தது. பிளாஸ்டிக், நீல மூடி, உள்ளே வடிகட்டி. நாங்கள் மூவரும் எடுத்து ஊற்றிக் குடித்தோம். நீ கையை நீட்டியதும் அன்ரி எழும்பிவிட்டார்.

"நீங்கள் தொடாதேங்கோ பிள்ளை. நான் ஊத்தித் தாறன்."

உயரத்தில் பிடித்து ஊற்றினார். குடுவையின் வாய் உன் கோப்பையில் முட்டவில்லை. எனக்கு அந்த ஊற்றல் தெரியும். எங்கள் ஊர்க் கிணற்றடியில் பார்த்த ஊற்றல் அது. சிலருக்கு வாளியையும் கயிற்றையும் கொடுக்க மாட்டார்கள், குனிந்து ஏந்திய கைகளில் மேலிருந்து ஊற்றுவார்கள். ஷெல் விழுந்தபோது நாங்கள் வீட்டை விட்டுவிட்டு ஓடினோம். காணி உறுதியை, ஆட்டை, சில பேர் பெற்றவர்களையே விட்டுவிட்டு ஓடினார்கள். இந்த ஊற்றலை மட்டும் சிந்தாமல் கொழும்பு வரைக்கும் கொண்டுவந்திருக்கிறோம்.

நீ குடித்தாய். கோப்பையை வைத்துவிட்டு, வானிலையை விசாரிப்பது போலக் கேட்டாய்.

"ஆன்ட்டி, இதுக்குள்ள இருக்கறத எப்ப மாத்துனீங்க?"

"எதை?"

"அந்த வடிகட்டிய. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு மூடியிலயே எழுதியிருக்கே."

"அது லண்டன் சாமான் பிள்ளை. அது பழுதாகாது. மகன் வந்து போய் மூண்டு வருசம், ஒரு பிழையும் இல்லை."

லண்டன்தான் மூடியைத் திறந்து பார்த்தாள். வடிகட்டி பாசி பிடித்துப் பச்சையாக, வழவழவென்று இருந்தது. சுவிஸ் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பினாள். அன்ரி அதைக் கழுவி, அதே வடிகட்டியைத் திரும்பவும் போட்டு, மேசை நடுவில் வைத்தார்.

மேலே வந்ததும் உன்னோடு சண்டை பிடித்தேன். "அவ அப்பிடி ஊத்தினவ, நீ ஏன் பேசாமல் குடிச்சனி?"

"பேசுனேனே. பில்டரப் பத்திப் பேசுனேன்."

"அதில்லையடி."

"தெரியும் கனடா. நாளைக்கி நான் லீவு போடுறேன். புறக்கோட்டைக்குப் போவோம்."

புறக்கோட்டையில் ஒரு சின்னக் கடையின் முஸ்லிம் முதலாளி, நீ 'நானா' என்று கூப்பிட்டவர், உனக்கும் முதலில் இலை போட்ட குடுவையைத்தான் காட்டினார். "இத பாருங்க தங்கச்சி. பாரமில்ல, எங்க வேணுமெண்டாலும் கொண்டு போகலாம்."

"எங்கயும் கொண்டு போகப் போறதில்ல நானா. உள்ள போடுறது முடிஞ்சா?"

"வேற ஒண்டு வாங்கோணும்."

"முடிஞ்சது?"

"எறியுறதுதான்."

"எங்க எறியுறது?"

அவர் உன்னைப் பார்த்தார். வாசலில் அடைத்துக்கிடந்த சாக்கடைக் கானையும் அதில் மிதந்த போத்தல்களையும் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பின்னாலிருந்து தூசி படிந்த மண் பில்டர் ஒன்றை எடுத்து வந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பானை, கீழே குழாய், மேல் பானைக்குள் பீங்கான் போல வெள்ளை உருளை. அதுதான் கேண்டில். அழுக்கானால் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவலாம், தேய்ந்து மெலியும்வரை பாவிக்கலாம் என்றார். "ஆனா பாரம்" என்று எச்சரித்தார்.

"பாரமாத்தான் இருக்கணும்" என்றாய் நீ.

சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சாக்கைப் பார்த்ததுமே அந்தப் படையினன் முகம் மாறியது. மண் பானை, அதற்குள் திருகாணியோடு ஒரு வெள்ளை உருளை. யாராக இருந்தாலும் குண்டோ என்று யோசித்திருப்பான். துவக்கைச் சற்று நிமிர்த்தி, "மேக்க மொகக்த?" என்றான் சிங்களத்தில். இது என்ன என்கிறான்.

"வத்துர பில்டர்" என்றாய், தண்ணீர் பில்டர்.

கழற்றச் சொன்னான். நடைபாதையில் குந்தி, நட்டு, வாசர், கேண்டில், குழாய் எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பினாய். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அது என் கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது. அவன் உன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கம கொஹெத?" ஊர் எது என்கிறான்.

"கொட்டாஞ்சேன."

"ஏக்க நெவெய். கம." அதில்லை, சொந்த ஊர் என்கிறான்.

"கொட்டாஞ்சேன தமய் மஹத்தயா." கொட்டாஞ்சேனைதான் ஐயா என்கிறாய்.

அன்ரி கேட்ட அதே கேள்வி, மொழிதான் வேறு. நீ அன்ரிக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாய். போகலாம் என்று கையைக் காட்டினான். எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. நீ குந்தியபடியே ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பூட்டத் தொடங்கினாய். பஸ் உறுமியது. சனம் எங்களைப் பார்த்தது. அவனும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எழும்படி, கெதியா. வீட்ட போய்ப் பூட்டலாம்."

"அவிழ்க்கச் சொன்னது இங்கதானே. இங்கயே பூட்டிட்டு வாறேன். வாசர் சரியா ஒக்காரலன்னா ஒழுகும்."

பூட்டி முடித்த பிறகுதான் எழும்பினாய்.

மாடிப் படி ஏறியதும் இருக்கும் பொது இடத்தில், ஸ்டூலின் மேல் அதை வைத்தாய். பக்கத்தில் ஒரே ஒரு கோப்பை. "எல்லாருக்கும் ஒண்ணு போதும், கழுவிக் குடிங்க" என்றாய். லண்டன் சிரித்தாள். "நாளைக்கு விசா வந்தால் இதைத் தலையிலயோ தூக்கிக்கொண்டு போறது?" என்றாள். ஆனால் மூன்றாம் நாள் அவளும் குடித்தாள். மண் வாசத்தோடு குளிர்ந்த அந்தத் தண்ணீருக்கு முன்னால் கடைப் போத்தல் செத்த தண்ணீர்.

அன்ரி மேலே வந்தார். பில்டரைப் பார்த்தார், ஒற்றைக் கோப்பையைப் பார்த்தார்.

"பொது இடத்தில இதெல்லாம் சரிவராது பிள்ளை. தண்ணி விசயத்தில நாங்கள் கொஞ்சம் பாக்கிறனாங்கள். எடுத்து உம்மட அறைக்குள்ள வையும். இல்லையெண்டால் வேற இடம் பாரும்."

"சரி ஆன்ட்டி. எடுத்துருங்க."

"நானோ?"

"ஆமா. நான் வச்சது வச்சதுதான். வேணாம்னா நீங்க தூக்கி வெளிய வைங்க. தொட்டுத்தான் தூக்கணும்."

 அன்ரி சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்றைக்கு நீ சிரிக்கவே இல்லை. "கனடா, பயந்துட்டேன்டி" என்றாய். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பில்டர் வந்த பின் போத்தல் வாங்குவது நின்றது. எறிந்தவை பின்வளவில் குவிந்து கிடந்தன. ஒரு ஞாயிறு நீ சாக்கோடு அங்கே இறங்கி எங்களைக் கூப்பிட்டாய். எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர், தண்ணீரில் புழு. சுவிஸ் வரவில்லை. விசா நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், கையில் கீறல் பட்டுவிடுமாம். நானும் நீயும் பாதிதான் அள்ளினோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். எந்தக் கொசு, எந்தப் போத்தலில் பிறந்தது என்று நான் சாதிக்கப் போவதில்லை. இந்த நகரத்தில் கானெல்லாம் கொசு. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் உன்னைத் தரையில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். "பில்டர்ல தண்ணி ஊத்துனியா?" என்று கேட்டாய். நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். மறுநாள் காலை நான் போனபோது பாயில் வேறு ஆள்.

செய்தி கேட்டு ஊரில் இருந்தும் வெளியில் இருந்தும் எனக்கு ரெலிபோன்கள் வந்தன. எல்லோரும் ஒரே மாதிரிக் கேட்டார்கள்.

"வெடியே?"

"இல்லை."

"பிடிச்சுக்கொண்டு போனவையே?"

"இல்லை. காய்ச்சல்."

"ஓ. காய்ச்சலே."

அந்த 'ஓ'வோடு நீ முடிந்துபோனாய். குண்டில் செத்திருந்தால் யாராவது உன் படத்தைக் கேட்டிருப்பார்கள். குப்பை அள்ளப்படாத நகரத்தில், கட்டில் இல்லாத ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் செத்த கொட்டாஞ்சேனைக்காரிக்கு எந்தப் பக்கத்தின் பட்டியலிலும் இடமில்லை. இதை நான் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை.

எட்டாம் நாள் உன் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு அன்ரி படியேறி வந்தார். "பாவம், நல்ல பிள்ளை" என்றார். பிறகு, "இனி அது ஆருக்கு? நீ எடுத்து ஒரு பக்கமா வை" என்றார்.

"நீங்களே தூக்கி வையுங்கோ அன்ரி" என்றேன்.

பில்டர் அங்கேயே இருக்கிறது.

இந்த வெயில் காலத்தில் ஒரு பகல் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கடைகளில் போத்தலும் முடிந்துவிட்டது. அன்ரி செம்போடு மேலே வந்து நின்றார். "கொஞ்சம் ஊத்தித் தாறியே, பிள்ளை?" நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை. "குழாய் அங்க இருக்கு அன்ரி. திறந்து எடுங்கோ." இன்னும் இரண்டு உடுப்பு மடித்தேன். பிறகு குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. உன் கோப்பையைத் தொடவில்லை, செம்பில்தான் பிடித்தார். அவர் மாறிவிட்டார் என்று எழுத மாட்டேன். தாகம் எடுத்தது, அவ்வளவுதான். ஆனால் தொட்டுத்தான் எடுத்தார்.

இன்று கேண்டிலோடு கடையில் இருந்து வரும் வழியில் சாவடியில் என்னை மறித்தார்கள். கடதாசியை அவிழ்க்கச் சொன்னான், அவிழ்த்தேன். என் அட்டையை வாங்கிப் பார்த்தான்.

"கம கொஹெத?"

"வெள்ளவத்த."

அட்டையில் விரலை வைத்துக் காட்டினான். "யாப்பனே."

யாழ்ப்பாணம் நான் பிறந்த இடம், அதை மறைக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனால் ஊர் என்று அவன் உண்மையில் கேட்டது, நான் இங்கே எத்தனை நாளைக்கு என்பதை. கனடாக் கடிதம் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கேண்டில் தேயும்வரைக்கும் இங்கே யாரோ தண்ணீர் குடிப்பார்கள்.

"வெள்ளவத்த தமய்" என்றேன்.

அட்டையை நீட்டினான். போகச் சொன்னான். நான் குந்தி இருந்து, அவிழ்த்த கடதாசியை நடைபாதையில் விரித்து, கேண்டிலை வைத்து, நட்டையும் வாசரையும் சரிபார்த்து, மடிப்பு மடிப்பாகச் சுற்றினேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். சுற்றி முடித்த பிறகுதான் எழும்பினேன்.