வாய்ப்பே இல்லை

அன்புள்ள மாரென்,

பிற்பகல் 2.10க்குத் தீர்ப்பு வந்தது. நம் மகள் தூவா இனி வளர்ப்புக் குடும்பத்திடம்தான் இருப்பாள். அவள் கையை முறித்தது நானாம். எப்படி முறிந்ததென்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"நீங்க முறிச்சிருக்க வாய்ப்பே இல்லைன்னு சொல்வீங்களா?" என்று விசாரணையன்று நீதிபதி கேட்டார். பாலங்களைச் சோதிக்கிறவன் நான்; எந்தப் பாலத்துக்கும் 'இடிய வாய்ப்பே இல்லை' என்று எழுதுவதில்லை. "ரொம்ப ரொம்பக் குறைவு" என்றேன்.

வெளியே வந்ததும் வக்கீல் ராக்ன்ஹில்ட், "ஏம்ப்பா, அங்க பாலமா இடிஞ்சுது? இல்லைன்னு ஒரு வார்த்தை வராதா உனக்கு?" என்றார்.

மேல்முறையீட்டுக்காக அவர் விடாமல் அழைக்கிறார். அங்கேயும் இதையே கேட்பார்கள். நீ போன பிறகும் வாசலருகே தொங்கும் உன் கோட்டிடம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். பொய் மாதிரியே கேட்டது.

போனை அணைத்துவிட்டேன்.

உன்னுடையவன்