என் இஷ்டமாம்

பெருங்களத்தூர், அம்மா வீடு
12-3-1991

உங்களுக்கு,

என் ஊரப்பாக்கம் மனையை உங்கள் தம்பிக்கு எழுதிக் கொடுத்தேனே, அந்த விஷயமாகத் தாம்பரத்தில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன்.

"அவரு என்னை ஒண்ணும் பண்ணலைம்மா. மண்ணெண்ணெயைத் தன் தலையிலதான் ஊத்திக்கினு நின்னாரு" என்றேன்.

"செத்துடுவேன்னு மிரட்டி வாங்கினாலும் அது சம்மதம் இல்லம்மா. வெள்ளைக்காரன் காலத்துலயே மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்பும் சட்டம்தான். பத்திரம் நிக்கணுமா வேணாமாங்கறது உன் இஷ்டம்."

என் இஷ்டமாம்! ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்த பஸ்ஸில்கூட ஏறாமல் அப்படியே நின்றுவிட்டேன். என்னைப் போல யாரோ ஒருத்திக்காக, முகம் தெரியாத நீதிபதிகள் என்றைக்கோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன்.

மண்ணெண்ணெய் டின்னைத் தேடாதீர்கள். கிளம்பும்போதே கையோடு எடுத்து வந்துவிட்டேன்.

உங்கள் மனைவி