எடை போடாத மூன்று எலிகள்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஏழே முக்காலுக்கு எலியறைக்குள் போனேன். கடைசி அலமாரியில் மூன்று கூண்டுகளில் அசைவில்லை. 32, 35, 38. மூன்றும் அதிக டோஸ் குழு. விறைத்துக் கிடந்தன.

இளைப்புப் பொடி கொடுக்கத் தொடங்கி இன்று ஒன்பதாம் நாள். உடம்பு இளைக்கத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற பொடி. டப்பாவில் பச்சை எழுத்தில் ‘முழுக்க மூலிகை’. மனிதர்கள் குடிக்கலாமா என்று தெரிந்துகொள்ள நாற்பது எலிகள். தினமும் வாய் வழியாகக் குழாய் விட்டு அதை வயிற்றில் இறக்குவது என் வேலை.

அறுத்துப் பார்ப்பதும் என் வேலைதான். நுரையீரல் மூன்றிலும் சுத்தம். கல்லீரல் வெளிறி மஞ்சளாக இருந்தது, இடுக்கி பட்டதுமே பிய்ந்தது. பார்த்தபடியே பதிவுத் தாளில் எழுதினேன்.

மார்ச் 4, புதன்

இன்று இரண்டு. 31, 37. டோஸ் கொடுத்து நாலு மணி நேரம் கழித்து. ஈரல் அதே மஞ்சள்.

மார்ச் 6, வெள்ளி

ஆய்வுத் தலைவர் கூப்பிட்டார். பேச ஆரம்பிக்கும் முன் மூன்று தடவை தொண்டையைச் செருமுவார் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் கனைப்பு. இன்று “உக்காரும்மா” என்றார். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

“கம்பெனிக்காரங்க ரொம்ப வருத்தப்படறாங்க. மூலிகையில எலி எப்படிச் சாகும்னு கேக்கறாங்க. குழாய் தவறி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் இல்லையா? மனுஷக் கைதானே.”

என் தாளை ‘அழகாகத் திருப்பி எழுதி’ வைத்திருந்தார். ஐந்து எலிகளுக்கும் ஒரே வரி: டோஸ் கொடுக்கும்போது குழாய் தவறியது, பத்து நிமிடத்தில் இறப்பு. கீழே என் பெயர். அதன் பக்கத்தில் கையெழுத்துக்குக் காலியிடம்.

“நான் எழுதின தாள் எங்க சார்?”

“பத்திரமா இருக்கு. இதுல போட்டா போதும். கையாள்றதுல குறைன்னு சொல்லி, டோஸைக் குறைச்சு, மறுபடி ஆரம்பிச்சிடலாம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? யோசிக்க என்ன இருக்கிறது? வாயில் என்ன கொழுக்கட்டையா?

பதினான்கு வருடத்தில் என் குழாய் நுரையீரலுக்குப் போனது இரண்டே தடவை. மூக்கில் நுரை வந்த அந்த நிமிடமே தெரிந்தது. இரண்டு தடவையும் ‘தவறு என்னுடையது’ என்று நானே எழுதிக் கொடுத்தேன், யாரும் கேட்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துச் சொல்கிறான், மனுஷக் கைதானே என்று.

என் பெயர் கெடுவதுகூட அப்புறம். இந்த உயிர்களைக் கொல்வதற்கு எனக்கு நானே சொல்லிக்கொள்கிற நியாயம் ஒன்றே ஒன்றுதான்: கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது. இப்போது ஐந்தைக் கொன்று பதிலும் வந்தாயிற்று. பதில் பிடிக்கவில்லையாம். அதனால் இன்னொரு நாற்பது.

மார்ச் 7, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, “ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வா. எலி வந்து சாட்சி சொல்லவா போகுது?” என்று சிரித்தார்.

கரண்டியைப் பாத்திரத்தில் வீசின சத்தத்தில் மகள் வந்து எட்டிப் பார்த்தாள். அரை மணி நேரம் கழித்து அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“போடலன்னா என்ன பண்ணுவாங்க?”

“தெரியல.”

“சரி, போடாதே. போட்டாலும் வருஷம் பூரா என்னைத்தான் திட்டப்போற.”

இந்த மனுஷனோடு முழுசாகச் சண்டை போடவும் முடியவில்லை.

மார்ச் 9, திங்கள்

போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்து தடவை கனைத்தார். மதியத்துக்குள் எழுத்தில் உத்தரவு வந்தது: கைத்திறன் போதாததால் எனக்கு மறுபயிற்சி. என் கூண்டுகளை வேறொருவர் பார்ப்பார்.

கைத்திறன் போதாதாம்.

மார்ச் 11, புதன்

ரப்பர் எலிக்குக் குழாய் போட்டேன். பிடரியைப் பிடித்து, தலையை நிமிர்த்தி, வாயின் ஓரமாக உள்ளே. ஐம்பது தடவை. சரியாகப் போடுகிறேனா என்று மேற்பார்வை பார்க்கப் பக்கத்து ஆய்வறைக்காரர். அவருக்குக் குழாய் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். தலையைக் குனிந்தபடியே “நல்லா பண்றீங்கக்கா” என்றார். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

மார்ச் 12, வியாழன்

ரப்பர் எலி இன்னும் சாகவில்லை.

மார்ச் 13, வெள்ளி

33 போய்விட்டதாம். டோஸ் கொடுத்தது என் கை இல்லை. இப்போது யாருக்கு மறுபயிற்சி?

மார்ச் 17, செவ்வாய்

தரச் சரிபார்ப்புக்காரி வந்தார். எங்கள் பதிவுகளில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறவர். யாருக்கும் அவரைப் பிடிக்காது, எனக்கும்தான். கையில் கனைப்பு எழுதின தாள், தோளில் எடை இயந்திரத்தின் சீட்டுச் சுருள். என்னைப் பார்த்ததுமே கத்தினார்.

“எடையே போடாத எலிக்கு எத்தனை மில்லி கொடுக்கணும்னு எப்படிம்மா கண்டுபிடிச்சே? ஜோசியம் பார்த்தியா?”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

தினமும் காலையில் உயிரோடு இருக்கிற ஒவ்வொரு எலியையும் தராசில் வைப்போம். இயந்திரம் எலியின் எண்ணையும் எடையையும் சீட்டாகத் துப்பும். அந்த எடையை வைத்துத்தான் டோஸ். மூன்றாம் தேதி 32, 35, 38 தராசுக்கே வரவில்லை, அதற்கு முன்பே செத்துக் கிடந்தன. செத்த எலிக்கு எடைச் சீட்டு இருக்காது என்பது கனைப்புக்குத் தோன்றவில்லை. முந்தின நாள் எடையை அப்படியே இறக்கி, செத்த எலிகளுக்கு ஒன்பதரை மணிக்கு டோஸ் கொடுத்ததாக எழுதிவிட்டார். எலியறைக்குள் கால் வைத்து வருடக்கணக்கானவர் வேறெப்படி எழுதுவார்?

“அது நான் எழுதினது இல்லக்கா. என் கையெழுத்து எங்க இருக்கு, காட்டுங்க.”

அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை அன்னைக்கே என்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?”

“நாங்க சொன்னதை என்னைக்குக் கேட்டிருக்கீங்க?”

அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இன்னைக்குக் கேக்கறேன். சொல்லு.”

மார்ச் 20, வெள்ளி

என் தாள் கனைப்பின் மேசை இழுப்பறையிலிருந்தே வெளியே வந்தது. போலித் தாளில் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு. என் கையில் குறையில்லை என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். கனைப்பு “சின்னக் குழப்பம்” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

ஜெயித்துவிட்டேனாம். எல்லோரும் சொல்கிறார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

கம்பெனி பொடியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ‘ஆய்வை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்’ என்று ஒற்றை வரிக் கடிதம். முடியாத ஆய்வுக்கு அறிக்கை கிடையாது. என் தாள், அக்காவின் சிவப்புக் கோடு, மஞ்சள் ஈரல் எல்லாம் கோப்பு அறைக்குப் போய்விட்டன. வெளியே ஒருத்தருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சமிருந்த முப்பத்து நான்கையும் முடிக்கச் சொன்னார்கள். முடித்தேன். இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை, எல்லாவற்றையும் நானே செய்தேன்.

எதுக்குடா செத்துச்சுங்க இதெல்லாம்? ஒரு வார்த்தை சொல்லுங்கடா. எதுக்கு?

ஏப்ரல் 1, புதன்

என்னை எலி வளர்ப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். “கைக்கு ஓய்வா இருக்கும்மா” – கனைப்பு. இங்கே பிறக்கிறவற்றை எண்ணி, வளர்த்து, கேட்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

வேறொரு ஆய்வகத்திலிருந்து ஆர்டர். நாற்பது எலிகள், ஆறு வார வயது, ஆண் பாதி பெண் பாதி. உபயோகம் என்ற கட்டத்தில்: இருபத்தெட்டு நாள், வாய்வழி, மூலிகைப் பொடி. கம்பெனி பெயரும் இருந்தது. அதே பெயர்தான்.

முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். நான் பெட்டி கட்டாவிட்டால் வேறு யாராவது கட்டுவார்கள் என்றார்கள். அது உண்மைதான். நாற்பதையும் நானே எடுத்துப் பெட்டிகளில் வைத்தேன். மரத்தூளைக் கொஞ்சம் கூடவே போட்டேன்.

ஆரோக்கியச் சான்றிதழ் உறைக்குள் இன்னொரு தாளும் வைத்தேன். அங்கே குழாய் பிடிக்கப்போகிறவருக்கு. ஆணா பெண்ணா, யாரென்றே தெரியாது.

‘ஒன்பதாம் நாள் வாக்கில் சாக ஆரம்பித்தால் உங்கள் கையைச் சந்தேகப்படாதீர்கள். நுரையீரலைப் பாருங்கள், பிறகு ஈரலைப் பாருங்கள். எடைச் சீட்டுகளைப் பிரதி எடுத்து வையுங்கள். திருப்பி எழுதின தாள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.’

பெயர் போடலாமா வேண்டாமா என்று கொஞ்சம் நின்றேன். வெளியே வண்டிக்காரர், “இன்னும் எவ்வளவு நேரம்க்கா?” என்று குரல் கொடுத்தார். முழுப் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி அவர் கையில் கொடுத்தேன்.