பெயருக்கு ஒரு இடம் விட்டிருக்கிறேன்

புஹேரா,
ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதுகிறேன்.

வலது முழங்காலைத் தவிர இங்கே நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரன் அனோதிவாவும் அந்த லீட்ஸ் ஊரில் நோய்நொடி இல்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டு, நல்லபடி இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். மேலே உன் பெயரை எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். மறந்துபோகவில்லை, நான் எதையாவது மறந்திருக்கிறேனா, அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் காகிதம். போனில் பேசி அனுப்பியிருக்கலாம், ஆனால் குரலோடு அழுகையும் சேர்ந்து வந்துவிடும், அதைக் கேட்டு நீ இரங்கிவிடுவாய், உன்னை அப்படி இரங்க வைக்கிற வேலையை நான் இனிமேல் செய்யக் கூடாது. போர்க்காலத்தில் பள்ளிக்கூடத்தை மூடியபோது நான் நாலாம் வகுப்பு, அதனால் எழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும், பொறுத்துக்கொள். மூன்று நாளாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. செம்பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. கீழ்வீட்டு முகாம்பே 1992-ல் நம் சிவப்புச் சேவலைத் தன் நாய் கவ்விக்கொண்டு போனதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் அவன் வணக்கத்துக்குப் பதில் சொல்வதில்லை. எவலின் அத்தைக்குக் கடைவாய்ப் பல் இரண்டும் விழுந்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த மாதக் காற்றில் சமையல்குடிசைக் கூரையில் ஒரு மூலை புல் பறந்துவிட்டது, அதையும் நானே ஏறி வேய்ந்தேன், முழங்கால் வலி அதனால்தான், வயசால் இல்லை. கடலை போன வருஷத்தைவிடப் பரவாயில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் நீ ஒரு குரல் செய்தி அனுப்பினாய், அது எனக்கு ஒரு சொல் தவறாமல் மனப்பாடம். அம்மா, நான் இணையத்துல ஒரு ஆலோசகர்கிட்ட செவ்வாய்க்கிழமை தவறாம தனியா பேச ஆரம்பிச்சிருக்கேன், முறையா உரிமம் வாங்கினவங்க, கொஞ்ச மாசத்துக்கு உனக்கு போன் பண்ண மாட்டேன், கோபத்துல இல்லம்மா, உனக்கும் மனசிருந்தா ஹராரேல நம்ம மொழி பேசுற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, ஆறு வாரத்துக்குச் சொல்லி வெச்சிருக்கேன் என்று சொன்னாய். அன்றைக்கே என் பகைப் பட்டியலில் உன் செவ்வாய்க்கிழமைக்காரியை முகாம்பேவுக்கு மேலே ஒரு இடத்தில் வைத்தேன். முகம் தெரியாத வெள்ளைக்காரி யாரோ என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறாள் என்று சர்ச்சில் எழுந்து நின்றே சொன்னேன். மூன்று மாதம் உன்னைத் திட்டிக்கொண்டே திரிந்தேன். பிறகு ஒருநாள் சட்ஸா களி கிளறிக்கொண்டிருக்கும்போது உன் பங்கு மாவையும் சேர்த்துப் போட்டுவிட்டேன், நீ இந்த வீட்டை விட்டுப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அதைக் கிளறி முடித்ததும் க்ளினிக் நர்ஸிடம் போய், அந்த ஹராரே அம்மாவைப் போனில் வரவழைத்துக் கொடு என்றேன்.

முதல் வியாழக்கிழமை நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். சிக்னல் கிடைக்கிற இடம் நம் ஊரில் ஒன்றுதான், அடிபம்புக்கு எதிரே இருக்கிற கரையான் புற்று, உனக்குத் தெரியும். வீட்டுச் சங்கதியை வெளியாளிடம் பேச நடுவில் ஓர் ஆள் இல்லாமல் போகிற பழக்கம் நமக்கில்லை, அதனால் எவலின் அத்தையை அழைத்துக்கொண்டு போனேன், அவளும் கல்யாணத்துக்குப் போகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து புற்றின் மேல் உட்கார்ந்தாள். திரையில் ரெஜினா மட்சிகா என்கிற அந்த ஆலோசகர் அம்மா வந்தார். முதலில் உங்க உரிமத்தைக் காட்டுங்க என்றேன், சிரிக்காமல் எடுத்துத் திரையில் பிடித்துக் காட்டினார், முத்திரை இருந்தது. பிறகு அவர் என்னைக் கேட்பார், நான் அத்தையிடம் சொல்வேன், அத்தை போனிடம் சொல்வாள். எப்படித் தூங்குறீங்கன்னு கேட்டார். நான் நல்லாத் தூங்குறேன்னு சொல்லு என்றேன். அத்தை, எங்கண்ணி தூங்குறதே இல்ல, பகையை எல்லாம் எண்ணிக்கிட்டுக் கிடப்பா என்று சொன்னாள். ஆலோசகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது நீங்க மட்டும் பேசுற இடம்மா, அத்தைக்கு என் வணக்கம், அடுத்த வாரம் தனியா வாங்க என்றார். தனியா உக்காந்து பேசுறவங்களுக்கு எங்க ஊர்ல வேற பேரு என்றேன். அத்தைக்கு வந்த கோபத்தைக் கேட்காதே, நான் இல்லாம இந்தக் குடும்பத்துல கல்யாணமே நடந்ததில்ல, இவளோட தூக்கத்தைப் பேச நான் வேண்டாமாம் என்று தொப்பியைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

அடுத்த வியாழனிலிருந்து பெண்கள் ஜெபக் கூட்டம் நடக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன், அப்போதுதான் பம்படியில் ஆள் இருக்காது. முப்பது வருஷத்தில் நான் ஜெபத்துக்குப் போகாத வியாழக்கிழமைகள் இவைதான். நான் போனில் குறிசொல்லியிடம் பேசுகிறேன் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று தெரியும், அது இருக்கட்டும். அந்த இரண்டாம் வியாழன் ஆலோசகர் கேட்டார், உங்களை என்னன்னு கூப்பிடட்டும்? மாயி ருவெங்கோன்னு தான் எல்லாரும் கூப்பிடுவாங்க என்றேன். மூத்த பிள்ளை பெயரைச் சொல்லி அதன் அம்மா என்று கூப்பிடுகிற வழக்கம்தானே. வெறுப்போட அம்மா என்று அந்தப் பெயரை மெதுவாக, அர்த்தத்தோடு ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எங்கிருந்து வந்துச்சும்மா அந்தப் பேரு என்று கேட்டார்.

அதைச் சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீடு போக வேண்டும் என்றால் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு ஆடு கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அப்போதுதான் தாய்வீட்டு வாசல் திறக்கும். எட்டாம் மாதம் வந்தது, என் மாமியார், உன் பாட்டி, ஆட்டை அனுப்பவில்லை. ஒன்பதாம் மாதம் வந்தது, அனுப்பவில்லை. பட்டியில் ஆடு இருந்தது, நான் தினமும் பார்த்தேன், கறுப்பு ஒன்று, காது வெட்டின வெள்ளை ஒன்று. என் அம்மா தன் வீட்டு வாசலில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் மாமியார் குடிசையிலேயே உன்னைப் பெற்றேன். உன் பாட்டி உன்னைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து, என்ன பேரு வெக்கலாம், எங்க அம்மா பேரை வெக்கலாமா என்று கேட்டாள். ருவெங்கோ என்றேன். இவள் இந்தக் குழந்தையைக் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் செய்ததைத் தன் வாயாலேயே சொல்லட்டும் என்று நினைத்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. என் அம்மாவும் என் சித்தியைக் குத்திக்காட்ட எனக்கு முச்சனேத்தா என்று வைத்தவள்தான், நீங்கதான் களைச்சுப் போவீங்க என்று, அதனால் பிள்ளைக்குப் பெயர் வைப்பது என்றால் எனக்கு அது ஒன்றுதான் தெரிந்திருந்தது.

இதை எல்லாம் வெற்றி பெற்றவள் மாதிரிதான் அவரிடம் சொன்னேன். பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார். நீ ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் அழுதுகொண்டு வந்தது, வாத்தியார் பெயர் கூப்பிட்டதும் வகுப்பே சிரித்தது, வேற பேரு வெய்யும்மா என்று நீ என் பாவாடையைப் பிடித்து இழுத்தது, நான் உன்னை அறைந்தது, எல்லாம் சொன்னேன். நாய் விஷயத்தையும் சொன்னேன். அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதை நாய்க்குப் பெயராக வைத்துக் கூப்பிடுவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், நானும் முகாம்பே காதில் விழட்டும் என்று நம் நாய்க்கு முச்சசிவோனா என்று வைத்திருந்தேன், ஒருநாள் பார்த்துக்கொள்வீர்கள் என்று. உனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா, நாய்க்கு வெச்ச மாதிரியே தான் எனக்கும் பேரு வெச்சியா என்று கேட்டாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், மறுநாள் பம்படியில் எல்லாரிடமும் சொன்னேன், என் மக வாயைப் பாருங்கடி என்று. அவர்களும் சிரித்தார்கள். நீ குடத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாய். அந்த நீலக் குடத்தின் விளிம்பில் உடைந்திருந்த இடம்கூட நினைவிருக்கிறது, உன் முகம் எப்படி இருந்தது என்பது நினைவில்லை, ஏனென்றால் நான் பார்க்கவே இல்லை.

அப்போது ஆலோசகர் ஒன்று கேட்டார். உங்க மாமியார் அவளை என்னன்னு கூப்பிட்டாங்க? ஹலோ ஹலோ சிக்னல் இல்ல என்று பொய் சொல்லிவிட்டுப் போனை அணைத்துப் புற்றிலிருந்து இறங்கிவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்க யாரோடும் சண்டை போடவில்லை, எவலின் அத்தை பயந்துபோய்க் கஞ்சி கொண்டுவந்தாள். அடுத்த வியாழன் போய்ப் பதில் சொன்னேன். சிஹேரா என்று கூப்பிட்டாள். உங்கள் அப்பா குலத்துப் பெண்களைத் தலைநிமிர்த்திக் கூப்பிடுகிற பெயர். பதினைந்து வருஷம், சாகிற வரைக்கும், ஒருதடவைகூட அந்தக் கிழவி உன்னை ருவெங்கோ என்று கூப்பிடவில்லை. நான் எறிந்ததை அவள் தந்திரமாகத் தட்டிவிட்டாள் என்று அதையும் ஒரு பகையாக இத்தனை காலம் வைத்திருந்தேன். புற்றின் மேல் உட்கார்ந்து சொல்லும்போதுதான் என் காதிலேயே விழுந்தது, யாரை நோக்கி அந்தப் பெயரை வைத்தேனோ அவள் ஒருத்திதான் அதைச் சொல்லி உன்னைக் கூப்பிடாதவள். அதைச் சொல்லிக் கூப்பிட்டவள் நான். காலையில் தண்ணீருக்கு, மதியம் சாப்பாட்டுக்கு, சாயந்திரம் மாட்டுக்கு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். அங்கே நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மழை என்று சொல்லுவேன் என்று ஒருதடவை சொன்னாயே, அன்றைக்கும் சிரித்தேன். உன் பிள்ளைக்கு அனோதிவா, நேசிக்கப்படுகிறவன் என்று நீ பெயர் வைத்தபோது இது என்ன நம் குடும்பத்தில் இல்லாத பெயர் என்று குறைதான் சொன்னேன்.

ஆட்டு விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதை ஆலோசகரிடமே சொல்லிவிட்டேன், அது எனக்கும் பாட்டிக்கும் இடையில் உள்ளது. ஆனால் அதை உன் முதுகில் ஏற்றி நாற்பது வருஷம் சுமக்க விட்டது பாட்டி செய்ததில்லை, நான் செய்தது. போன ஞாயிற்றுக்கிழமை பம்படியில் எல்லார் முன்னாலும், இனிமே யாரும் என்னை மாயி ருவெங்கோன்னு கூப்பிடாதீங்க என்றேன். அப்ப என்னன்னு கூப்பிடறது, மாயி போன்னா என்று ஒருத்தி கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை குடத்தை வைத்துக்கொண்டு நின்றவள் நான். இப்போது ஊரே மாயி போன் என்கிறது, கூப்பிடட்டும்.

மன்னிப்புக் கேட்டுட்டுக் கையை நீட்டிக்கிட்டு நிக்காதீங்கம்மா, அவ எப்ப பேசணும்ன்னு அவதான் முடிவு பண்ணணும் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார். அதனால் போன் பண்ணு என்று நான் எழுதவில்லை. ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், கை நீண்டுதான் இருக்கிறது, எனக்கு மடக்கத் தெரியவில்லை. உன் செவ்வாய்க்கிழமைக்காரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், அவளுக்கு என் வணக்கத்தைச் சொல். எனக்கு இன்னும் இரண்டு வியாழன் மிச்சம் இருக்கிறது.

கடவுளும் நம் முன்னோரும் உன் வீட்டு வாசலில் காவல் நிற்கட்டும், உன் பிள்ளை உன்னைவிட ஒரு சாண் உயரமாக வளரட்டும். போதகரின் மருமகள் வசம் கடலை வெண்ணெயும் காய்ந்த கீரையும் அனுப்புகிறேன், எண்ணெய் மேலே நிற்கும், கிளறிவிட்டுப் போடு, ராத்திரி வேலை முடிந்து வந்து வெறும் டீயோடு படுக்காதே. பெயரை மாற்ற வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் மாற்றிக்கொள், என்னைக் கேட்க வேண்டாம். பாட்டி கூப்பிட்டதை எடுத்துக்கொண்டாலும் சரி, நீயாக ஒன்று வைத்துக்கொண்டாலும் சரி, இருப்பதே போதும் என்றாலும் சரி. கீழே கையெழுத்தில் இடம் விட்டிருக்கிறேன், உனக்குத் தோன்றும்போது நீயே எழுதிக்கொள்.

இப்படிக்கு,
மாயி . . . . . . . . . . . .