நின்றுகொண்டே சாப்பிடுகிறோம்

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

நீயும் கோதையும் அம்மாவும் சுகந்தானே? பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்தாயிற்றா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பயப்படாதே, சின்ன விஷயம்தான்.

போன லீவுக்கு முன்பு, லாரியில் மூட்டை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. லீவில் வீட்டிலும் நின்றே சாப்பிட்டேனே, அது இதனால்தான். இன்னும் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. மெஸ்ஸில் நின்றேதான் சாப்பிடுகிறேன். நம் சுந்தரபாண்டியத்துப் பாண்டிச்செல்வம் இங்கே புதிதாக வந்திருக்கிறான். அவனும் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏலே, நீ உக்காந்து தின்ன வேண்டியதுதான?" என்றேன்.

"நீங்க நிக்கையில நான் எப்பிடிண்ணே உக்கார? உங்களப் பாத்துத்தான பட்டாளத்துல சேந்தேன்."

இப்போது புது ஆட்கள் அம்புட்டுப் பேரும் நிற்கிறார்கள். அதைப் பார்த்த அதிகாரி, "கட்டுப்பாடு என்றால் இதுதான்" என்று என் முதுகில் தட்டினார். வலியில் கண் கலங்கியது. உண்மையைச் சொன்னால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிச் சோதிப்பார்கள், வேலையே போகலாம். சொல்லாவிட்டால் இந்தப் புதுப் பிள்ளைகளை ஏமாற்றுகிறேனோ? ஆனால் நின்று பழகியதில் இருந்து பாண்டிச்செல்வம் சோறு மிச்சம் வைப்பதில்லை. இது நல்லதா கெட்டதா, எனக்கு விளங்கவில்லை.

இடுப்புக்குத் தைலம் அனுப்பு. பால்கோவாவும் வை, அவன் கேட்டான்.

விசில் ஊதிவிட்டார்கள். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுகிற கோதையும் இப்போது நின்றேதான் சாப்பிடுகிறாள், அப்பா மாதிரி என்கிறாள் என்றாயே. அவளை உட்காரச் சொல். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கும் எழுது.

சிவபாண்டி