ஐந்தாவது பெயர்

டிசம்பர் 14, ஞாயிறு. கோத்தா திங்கி.

வெள்ள நிவாரண மண்டபத்தில் இன்று நான் எழுதிய மென்பொருளை நானே இயக்கினேன். ஒரு குடும்பத்தின் பெயர்கள் எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனில் பதிவாகும். ஒரு பெயர் தவறினாலும் மொத்தக் குடும்பமும் ரத்தாகிவிடும். அரைகுறைக் குடும்பம் பட்டியலில் வரக்கூடாது என்று நான்தான் பிடிவாதமாக அப்படி அமைத்தேன்.

செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த சாந்தி அக்கா குடும்பத்தில் ஐந்து பேர். மூன்று முறை அழுத்தினேன். மூன்று முறையும் ரத்து. கடைசி மகளுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் அடையாள அட்டையின் ஐசி நம்பரும் இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்ற விதியும் என்னுடையதுதான். திருத்தலாமென்றால் மூலக் கோப்பு ஜொகூர் பாருவில், வீட்டுக் கணினியில் இருக்கிறது. சாலை மூழ்கிக் கிடக்கிறது.

பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"அவள விட்ருங்க தம்பி. நாலு பேருன்னே போடுங்க லா," என்றார் அக்கா.

போட்டேன். உடனே பதிவாகிவிட்டது. நான்கு பாய், நான்கு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள்.

அந்தக் கடைசி மகள் திரையில் விரல் வைத்துப் பெயர்களைப் படித்தாள். நான்காவதுக்குக் கீழே விரல் அப்படியே நின்றது.

ஏதாவது ஒரு பொய் நம்பரைப் போட்டிருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது.